பழைய காரின் டிக்கி மூடவில்லையா, திறக்கவில்லையா? லாக்கை மாற்றும் முன் செய்து பார்க்க வேண்டியவை

மார்கழி மாதம், பனி இறங்கிய காலை. பின் சீட்டை மடக்கி இரண்டு மூட்டை கொப்பரையை ஏற்றிக்கொண்டு காங்கேயத்திலிருந்து பெருந்துறை ஏலத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். சென்னிமலை தாண்டி ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியதும் பிடரியில் சில்லென்று காற்று அடித்தது. கண்ணாடியில் பார்த்தால் டிக்கி வானத்தைப் பார்த்து நிற்கிறது. நல்லவேளை, மூட்டை விழவில்லை. பின்னால் வந்த மொபெட்காரர் கையை ஆட்டிக் கத்திக்கொண்டே வந்தார். ஓரம் கட்டி, கயிறு போட்டுக் கட்டி ஊர் வந்து சேர்ந்தேன்.

வண்டி 2005 மாடல் சின்ன கார். பட்டறையில் காட்டியபோது லாக் போய்விட்டது என்று சொல்லிப் புதிது மாட்டிக் கொடுத்தார்கள். பத்தே நாளில் மறுபடியும் அதே கதை. அப்போதுதான் சங்ககிரியில் இருக்கும் என் மனைவியின் தாய்மாமா வீட்டுக்கு வந்திருந்தார். முப்பது வருஷம் லாரிப் பட்டறையில் வேலை பார்த்தவர்.

"ஏனுங் மாமா, புது லாக் போட்டும் இப்படி ஆவுதுங்களே?" என்று கேட்டேன்.

"லாக்கு மேல பழி போடாத கண்ணு. மொதல்ல அதத் தனியா நிறுத்திக் கேட்டுப் பாரு" என்றார்.

அன்றைக்கு அவர் காட்டிக் கொடுத்ததையும், அதற்குப் பிறகு உறவுக்காரர்கள் நாலைந்து பேரின் வண்டிகளில் நானே செய்து பார்த்துத் தெரிந்துகொண்டதையும் எழுதுகிறேன். மாருதி 800, ஜென், ஆல்டோ, சான்ட்ரோ, வேகன் ஆர் மாதிரி பின்னால் மேல்நோக்கித் திறக்கும் கதவு உள்ள எந்தப் பழைய காருக்கும் இது பொருந்தும். மாருதி 800 தயாரிப்பு 2014 ஜனவரியிலேயே நின்றுவிட்டது. ஆனாலும் தாராபுரம், வெள்ளகோவில் பக்கம் தோட்டத்துக்குத் தோட்டம் ஒன்று இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அந்த வண்டிகளை வைத்திருப்பவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள்

டிக்கி பூட்டு என்று நாம் ஒரே பேரில் சொல்வது உண்மையில் மூன்று தனித்தனிச் சாமான்கள்.

ஒன்று லாக். அதன் வாயில் பிறை மாதிரி வளைந்த ஒரு இரும்புத் துண்டு சுழலும். அதைக் கவ்வி என்று வைத்துக்கொள்வோம். கவ்வி சுழன்று மூடியதும் பக்கத்தில் ஸ்பிரிங்கோடு நிற்கும் சின்னக் கட்டை ஒன்று அதன் பல்லில் விழுந்து, திரும்ப விடாமல் தாங்கிக்கொள்ளும். அந்தக் 'டக்' சத்தம்தான் நாம் கதவைச் சாத்தும்போது கேட்பது.

இரண்டாவது, கவ்வி பிடித்துக்கொள்ளும் வளைந்த கம்பி. கடையில் ஸ்ட்ரைக்கர் என்று கேட்டால் கொடுப்பார்கள். பெரும்பாலும் லாக் கதவிலும் ஸ்ட்ரைக்கர் பாடியிலும் இருக்கும். சில வண்டிகளில் இடம் மாறியிருக்கும். உங்களுடையதில் எது எங்கே என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, கட்டையை இழுத்து விடுவிக்கும் ஏற்பாடு. டிரைவர் சீட் ஓரம் இருக்கும் லிவரிலிருந்து வரும் கேபிள், சாவித் துவாரத்திலிருந்து வரும் சின்னக் கம்பி, சென்ட்ரல் லாக் போட்டிருந்தால் அதன் மோட்டார் எல்லாம் இதில் சேர்த்தி.

கோளாறு இந்த மூன்றில் எதில் என்று பிரித்துப் பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. நான் பார்த்தவரை லாக் உண்மையிலேயே உடைந்துபோனது ஒரே ஒரு வண்டியில்தான். மற்றதெல்லாம் அழுக்கு, இடம் நகர்ந்த ஸ்ட்ரைக்கர், தொய்ந்த கேபிள்.

கை வைப்பதற்கு முன்

டிக்கியைத் தாங்கும் இரண்டு ஷாக்கும் பழைய வண்டியில் வலு இழந்திருக்கும். நீங்கள் குனிந்து வேலை பார்க்கும்போது கதவு தலையில் இறங்கினால் மண்டை பிளக்கும். ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்துவிட்டு வேலையை ஆரம்பியுங்கள். அந்த ஷாக்கைப் பிரிக்கவோ, துளை போடவோ, சூடு காட்டவோ கூடாது. உள்ளே அதிக அழுத்தத்தில் வாயு அடைத்திருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். டிக்கி திறந்தபடி வண்டி ஓட்டினால் பின்னால் உண்டாகும் காற்றுச் சுழல் சைலன்சர் புகையை உள்ளே இழுக்கும். அதில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. தலை சுற்றிய பிறகுதான் தெரியும். கயிறு கட்டித்தான் பட்டறைக்குப் போக வேண்டும் என்றால் இடைவெளி இல்லாமல் இறுக்கிக் கட்டுங்கள், முன் ஜன்னல் இரண்டையும் இறக்கி விடுங்கள், பின் சீட்டில் குழந்தைகளை உட்கார வைக்காதீர்கள்.

திருப்புளிச் சோதனை

மாமா சொன்ன 'தனியா நிறுத்திக் கேட்பது' இதுதான். கதவைத் திறந்தே வைத்துக்கொள்ளுங்கள். லாக்கின் வாயில் ஒரு பெரிய திருப்புளியின் தண்டை, ஸ்ட்ரைக்கர் எந்தத் திசையிலிருந்து உள்ளே வருமோ அதே திசையில் நுழைத்து அழுத்துங்கள். 'டக்' என்று ஒரு சத்தம், இன்னும் அழுத்தினால் 'டக்' என்று இன்னொன்று. பெரும்பாலான லாக்குகளில் இந்த இரண்டு நிலை உண்டு. முதலாவது அரைப் பூட்டு, இரண்டாவது முழுப் பூட்டு. இப்போது திருப்புளியை வெளியே இழுங்கள். வரக்கூடாது.

அடுத்து, ஒருவரை உள்ளே உட்கார வைத்து லிவரை இழுக்கச் சொல்லுங்கள். கவ்வி சட்டென்று துள்ளித் திறக்க வேண்டும். மெதுவாக, தூங்கி எழுந்த மாதிரி திறந்தால் அழுக்கு. லிவரை இழுத்தும் திறக்காமல், சாவி போட்டால் திறந்தால் கேபிள். இரண்டுக்கும் திறக்காமல், லாக்கில் இருக்கும் சின்ன நெம்பைக் கையால் தள்ளினால் மட்டும் திறந்தால் லாக் நல்லது, அதுவரை வரும் கம்பிகளில்தான் குறை. கையால் தள்ளியும் திறக்கவில்லை என்றாலோ, திருப்புளி முழுப் பூட்டில் நிற்காமல் வழுக்கி வெளியே வந்தாலோதான் லாக்கைச் சந்தேகப்பட வேண்டும். அப்போதும் கழுவிப் பார்த்த பிறகுதான் முடிவு.

இங்கே ஒரு எச்சரிக்கை. சோதனை முடிந்ததும் கவ்வி திறந்த நிலைக்கு வந்துவிட்டதா என்று கண்ணால் பார்த்த பிறகே கதவைச் சாத்துங்கள். கவ்வி மூடியிருக்கும்போது டிக்கியை ஓங்கிச் சாத்தினால் ஸ்ட்ரைக்கரில் இரும்போடு இரும்பு மோதும். நல்ல லாக் வளைந்து போவது பெரும்பாலும் இப்படித்தான். யாரோ குழந்தை விளையாட்டாக விரலால் கவ்வியைத் தள்ளி மூடியிருக்கும், அது தெரியாமல் நாம் நாலு தடவை ஓங்கிச் சாத்துவோம். "டிக்கி திடீரென்று சாத்தவே மாட்டேங்குது" என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். லிவரை ஒரு முறை இழுத்தால் தீர்ந்துவிடும்.

அழுக்கு: நம் பக்கத்து வண்டிகளுக்கு இதுதான் முதல் எதிரி

பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் அடிக்கும் காற்றைப் பற்றி நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பல்லடம், உடுமலை, தாராபுரம் வரை புழுதியை வாரிக்கொண்டு வரும். பொள்ளாச்சிப் பக்கம் என்றால் தேங்காய் மட்டை நார், திருப்பூர் என்றால் பனியன் பஞ்சு, ஈரோட்டில் மஞ்சள் தூள். எதை ஏற்றுகிறோமோ அதன் தூசி டிக்கி லாக்கின் வாயில் போய் உட்கார்ந்துகொள்ளும். லாக் கதவில் இல்லாமல் பாடியில் இருக்கும் வண்டிகளில் அந்த இடமும் தாழ்வானது, மூட்டையை இழுத்து வைக்கும்போது அதன் மேல் உரசித்தான் போகும்.

பட்டறையில் கழற்றிப் போட்ட என் பழைய லாக்கை வெள்ளைத் துணியில் வைத்துப் பார்த்தபோது கட்டைக்கும் கவ்விக்கும் நடுவில் விரல்கடை நீளத்துக்கு ஒரு நார் சுருண்டு கிடந்தது. அதைச் சுற்றி மெழுகு மாதிரி பழுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. மாமா விரலால் தொட்டு முகர்ந்து பார்த்துவிட்டு, "தேங்காண்ணெ ஊத்துனீங்களா?" என்றார். ஊற்றியிருந்தோம். எங்கள் வீட்டில் கிரீச்சென்ற எல்லாவற்றுக்கும் தேங்காய் எண்ணெய்தான்.

அது இந்த வேலைக்கு ஆகாது. சுமார் 24, 25 டிகிரிக்குக் கீழே போனாலே தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும். மார்கழிக் காலையில் சமையலறையில் பாட்டிலைச் சூடு காட்டித்தானே தலைக்கு எண்ணெய் எடுக்கிறோம்? அதே எண்ணெய் லாக்குக்குள்ளும் உறைந்து, ஸ்பிரிங் தள்ளியும் கட்டை முழுசாகப் பல்லில் விழாமல் நிற்கிறது. வெயில் ஏறினால் சரியாகிவிடும், மறுநாள் காலை மறுபடி தகராறு. காலையில் மட்டும் டிக்கி மக்கர் செய்கிறது என்றால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். பழைய இன்ஜின் ஆயிலும் அப்படித்தான். உறையாது, ஆனால் புழுதியை இழுத்துச் சேர்த்துக் களிம்பாக்கிவிடும்.

கழுவும் முறை: லாக்கைப் பிடித்திருக்கும் இரண்டு மூன்று போல்ட்டைக் கழற்றி, கேபிள் கிளிப்பை விடுவித்து லாக்கைத் தனியாக எடுங்கள். பெரும்பாலும் 10 நம்பர் ஸ்பேனர் போதும். கழற்றுவதற்கு முன் செல்போனில் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டார் இருந்தால் அதையும் பிரித்து ஓரமாக வையுங்கள். ஒரு கிண்ணத்தில் மண்ணெண்ணெய் ஊற்றி, லாக்கை அரை மணி நேரம் ஊறப் போட்டு, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் மூலை முடுக்கெல்லாம் தேயுங்கள். கவ்வியைத் திறந்து மூடிக்கொண்டே தேய்க்க வேண்டும். இரண்டாவது முறை புது மண்ணெண்ணெயில். அப்புறம் பஞ்சர் கடைக்கு எடுத்துப் போய் ஏர் பிடித்தால் உள்ளே ஒளிந்திருக்கும் மண்ணும் பறந்துவிடும். இதைத் திறந்த வெளியில், நெருப்பு பக்கத்தில் இல்லாமல் செய்யுங்கள்.

நன்றாகக் காய்ந்த பிறகு கவ்வியின் அச்சிலும் கட்டையின் முனையிலும் வெள்ளை லித்தியம் கிரீஸ் ஒரு மிளகு அளவு வைத்தால் போதும். அள்ளி அப்ப வேண்டாம். ஸ்ப்ரே டப்பாவில் வரும் துரு நீக்கி, இறுகியதை இளக்கும். அது நீடித்து நிற்கும் மசகு அல்ல, அதன் மேல் கிரீஸ் வைத்தே ஆக வேண்டும். சாவித் துவாரத்துக்கு எண்ணெய், கிரீஸ் இரண்டுமே வேண்டாம், கிராஃபைட் பொடி போடுங்கள். பென்சில் கரியைச் சுரண்டிப் போடுகிறவர்கள் உண்டு. அதில் களிமண்ணும் கலந்திருக்கும் என்பதால் நான் போடுவதில்லை.

ஸ்ட்ரைக்கர்: புது லாக் போட்டும் தீராத நோய்

என் வண்டியில் இரண்டாவது முறை டிக்கி திறந்துகொண்டதற்குக் காரணம் இதுதான். ஸ்ட்ரைக்கரின் போல்ட் ஒன்று தளர்ந்து, அது ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. கவ்வி அரைப் பூட்டில் நின்றது, வேகத்தடையில் விட்டுக்கொடுத்தது. புது லாக் என்ன செய்யும், பாவம்.

கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. கொஞ்சம் கிரீஸில் குங்குமம் குழைத்து ஸ்ட்ரைக்கர் கம்பியில் மெல்லியதாகப் பூசுங்கள். கதவை மெதுவாகச் சாத்தித் திறங்கள். லாக்கின் வாயில் சிவப்பு எங்கே ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். நடுவில் இருந்தால் சரி. வாயின் ஓரத் தகட்டில் ஒட்டியிருந்தால் ஸ்ட்ரைக்கர் அந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது. லாக்கின் ஓரத்தில் பெயின்ட் உரசிப் பளபளவென்று இரும்பு தெரிந்தாலும் அதே அர்த்தம்தான்.

சரி செய்யும்போது அவசரப்பட வேண்டாம். முதலில் ஸ்ட்ரைக்கரைச் சுற்றி மார்க்கர் பேனாவால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஒன்றும் சரிப்படவில்லை என்றால் பழைய இடத்துக்கே திரும்பி வர அந்தக் கோடுதான் துணை. போல்ட்டுகளை முழுக்கக் கழற்றாமல், தட்டினால் நகரும் அளவுக்கு மட்டும் தளர்த்துங்கள். ஒரு தடவைக்கு ஒரு மில்லிமீட்டர், அதற்கு மேல் வேண்டாம். இறுக்கிச் சாத்திப் பாருங்கள். ஸ்ட்ரைக்கர் பாடியில் இருக்கும் வண்டியில் அதைக் கீழே இறக்கினால் கதவு இன்னும் இறுகி மூடும், மேலே ஏற்றினால் எளிதாக மூடும். நிறைய இறக்கிவிட்டால் ஓங்கிச் சாத்த வேண்டிவரும், லிவருக்கும் திறக்காது.

எவ்வளவு நகர்த்தியும் நடுவுக்கு வரவில்லையா? அப்படியானால் கதவே கோணியிருக்கிறது. டிக்கியைச் சாத்தி வைத்து இரண்டு பக்க இடைவெளியையும் பாருங்கள். ஒரு பக்கம் விரல் நகம் நுழைகிறது, மறுபக்கம் காகிதம்கூட நுழையவில்லை என்றால் மேலே கீல் தேய்ந்திருக்கும், அல்லது எப்போதோ பின்னால் இடி வாங்கிய வண்டியாக இருக்கும். அது டிங்கரிங் ஆள் பார்க்க வேண்டிய வேலை.

கதவு முழுசாகப் பூட்டியும் ரோட்டில் 'கடகட' என்று சத்தம் வந்தால், கதவின் இரண்டு கீழ் மூலைகளிலும் இருக்கும் ரப்பர் குமிழ்களைப் பாருங்கள். பல வண்டிகளில் அவற்றைத் திருகி உயர்த்தலாம். மாறாக, டிக்கி வாசலைச் சுற்றி ஓடும் ரப்பர் பட்டையான பீடிங்கைப் புதிதாகப் போட்டவுடன் டிக்கி சாத்தக் கஷ்டமாக இருந்தால் ஸ்ட்ரைக்கரைத் தொடாதீர்கள். புது ரப்பர் நாள் ஆக ஆக அமுங்கி வழிக்கு வரும்.

கேபிள்

லிவரை ஒருவர் இழுக்க, லாக் பக்கம் இன்னொருவர் கவனிக்க வேண்டும். லிவர் பாதி தூரம் வந்த பிறகுதான் லாக்கின் நெம்பு அசையத் தொடங்குகிறது என்றால் கேபிள் தொய்வு. லாக் பக்கத்தில் திருகி இறுக்கும் நட் இருந்தால் அதில் இறுக்குங்கள். இல்லையென்றால் கேபிளின் உறை தன் இடத்தில் கிளிப்போடு உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். உறை நழுவினாலும் கம்பி தொய்ந்த மாதிரியே தெரியும். லிவர் கல் மாதிரி அசையாமல் நின்றால் உள்ளே துரு. மிதியடிக்கு அடியில் மழைத் தண்ணீர் தேங்கிய வண்டிகளில் இது சகஜம்.

மொபெட் கிளட்ச் கேபிளை வெட்டிப் போட்டுச் சமாளிப்பவர்கள் உண்டு. அவசரத்துக்குச் சரி. ஆனால் நீளமும் முனைக் குண்டும் பொருந்தாமல் மறுபடி வேலை வைக்கும். சரியான கேபிளே போடுங்கள்.

பூட்டிக்கொண்டு திறக்கவே இல்லை என்றால்

ஒருவர் டிக்கியின் கீழ் ஓரத்தை, லாக்குக்கு நேர் மேலே, இரண்டு கையாலும் உள்நோக்கி அழுத்திக்கொண்டே இருக்க, மற்றவர் லிவரை இழுக்கட்டும். கதவின் இழுவிசை கவ்வியில் விழாமல் இருக்கும்போது கட்டை எளிதில் விலகும். பாதி வண்டிகள் இதிலேயே திறந்துகொள்ளும்.

திறக்கவில்லையா? பின் சீட்டை மடக்கி உள்ளே போங்கள், கையில் டார்ச்சும் ஒரு நீளத் திருப்புளியும் வேண்டும். லாக்கை மறைத்திருக்கும் அட்டை பிளாஸ்டிக் கிளிப்பில் நிற்கும். அதன் ஓரத்தில் துணி சுற்றிய திருப்புளியை விட்டு, கிளிப்புக்குப் பக்கத்திலேயே நெம்பினால் உடையாமல் வரும். லாக்கின் சின்ன நெம்பைத் தேடி, கேபிள் இழுக்கும் திசையிலேயே தள்ளுங்கள். வெளியிலிருந்து கடப்பாரை, உளி எல்லாம் வேண்டவே வேண்டாம். லாக் கிடைத்துவிடும், நெளிந்த கதவைப் பழையபடி ஆக்குவது கஷ்டம்.

கரண்ட் சம்பந்தப்பட்டது

சென்ட்ரல் லாக்கில் மற்ற கதவெல்லாம் வேலை செய்து டிக்கி மட்டும் செய்யவில்லை என்றால், மேலே கீலுக்குப் பக்கத்தில் பாடிக்கும் கதவுக்கும் நடுவே போகும் ரப்பர் குழாயை உருவிப் பாருங்கள். திறந்து மூடித் திறந்து மூடி உள்ளே ஒயர் முறிந்திருக்கும். பின் வைப்பரோ நம்பர் பிளேட் விளக்கோ சேர்ந்து போயிருந்தால் சந்தேகமே வேண்டாம். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, வளைந்து கொடுக்கும் மெல்லிழை ஒயரை இணைப்பாக வைத்து ஈயம் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் உறை போடுங்கள். முறுக்கி டேப் சுற்றினால் வெயிலில் டேப்பின் பசை இளகிவிடும். டிக்கி விளக்கு அணையாமல் எரிந்தால், கதவு மூடியிருப்பதை உணரும் ஸ்விட்ச்சைக் கழுவிப் பாருங்கள். இரண்டு மூன்று நாள் அது எரிந்தாலே பழைய பேட்டரி காலையில் ஸ்டார்ட் ஆகாது.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால்

கழுவியும் கவ்வி முழுப் பூட்டில் நிற்கவில்லை, பல்லின் முனை மழுங்கி உருண்டை ஆகிவிட்டது, ஸ்பிரிங் முறிந்திருக்கிறது என்றால் மாற்றுங்கள். ஸ்பிரிங்கை மட்டும் கம்பி வளைத்துப் போடுவது வேண்டாம்.

பழைய வண்டிக்குப் புதுச் சாமான் கிடைக்காதபோது கோவை உக்கடம் மாதிரி பழைய இரும்புக் கடைகளில் தேடலாம். கழற்றிய லாக்கைக் கையோடு எடுத்துப் போங்கள். போல்ட் துளை, கேபிள் மாட்டும் இடம், சாவிக் கம்பி மாட்டும் காது மூன்றும் ஒத்துப்போக வேண்டும். கடையிலேயே திருப்புளிச் சோதனையை ஐந்தாறு முறை செய்யுங்கள். ஒரு முறை வழுக்கினாலும் வேறு எடுங்கள். விலை பேசுவது அதற்கப்புறம்.

மாட்டி முடித்த பிறகு

ஒரு செய்தித்தாளை நாலு விரல் அகலத்துக்குக் கிழித்து பீடிங்கின் மேல் வைத்து டிக்கியைச் சாத்துங்கள். இழுத்தால் லேசான இறுக்கத்தோடு வர வேண்டும். இப்படிச் சுற்றிலும் ஏழெட்டு இடத்தில் பாருங்கள். எங்கே தொளதொளவென்று வருகிறதோ அங்கேதான் மழைத் தண்ணீரும் புழுதியும் நுழையும். அப்புறம் ஒருவரை உள்ளே டார்ச்சோடு உட்கார வைத்து, வெளியிலிருந்து தண்ணீர்க் குழாயைப் பிடியுங்கள்.

வெறும் வண்டியில் இரண்டு வேகத்தடை, பின்னால் பாரம் வைத்து இரண்டு வேகத்தடை ஓட்டிப் பாருங்கள். பாரம் ஏறினால் பழைய பாடி கொஞ்சம் முறுக்கிக் கொடுக்கும், ஸ்ட்ரைக்கர் சரியாக உட்காராதது அப்போதுதான் வெளியே வரும். ஒரு வாரம் கழித்து ஸ்ட்ரைக்கர் போல்ட்டுகளை மறுபடி ஒரு இறுக்கு இறுக்கி, மார்க்கர் கோட்டோடு ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். நான் ஆடிக் காற்று ஓய்ந்ததும் ஒரு தடவை, தை பிறந்ததும் ஒரு தடவை லாக்கைத் துடைத்துக் கிரீஸ் வைக்கிறேன். கொப்பரை ஏற்றும் நாளில் லாக்கின் மேல் ஒரு பழைய சாக்கை மடித்துப் போட்டுவிட்டுத்தான் மூட்டையை இழுக்கிறேன்.